நம்பர் ஆவதற்கு முன் ஒரு நாள்

செட்டிநாட்டு நீதிமன்றங்களில் குடும்ப வழக்குகளை நடத்திவரும் அனுபவம் மிக்க வழக்கறிஞர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய ஐயாக்களுக்கும் அம்மாக்களுக்கும் வணக்கம்.

நான் 34 ஆண்டுகள் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவன். 1987-இல் தேவகோட்டையில் ஒரு வழக்கறிஞரிடம் சேர்ந்து, அவர் மறைவுக்குப் பின் காரைக்குடியில் இன்னொருவரிடம் இருந்து, 2021-இல் ஓய்வு பெற்றேன். உங்களில் பலர் ஜூனியராக வந்து நின்ற முதல் நாளில் வக்காலத்துக்கு ஸ்டாம்பு ஒட்டிக் கொடுத்திருக்கிறேன். கேஸ் கட்டைச் சுமந்துகொண்டு உங்கள் பின்னால் படியேறியிருக்கிறேன். உங்களை ‘சார்’ என்றும் ‘மேடம்’ என்றும் அழைத்தே பழகியவன் எழுதும் மடல் இது. அந்த மரியாதைக்கு இதில் ஓர் இடத்திலும் குறைவு வராது. ஆனால் கேட்க வேண்டியதை இந்த வயதிலும் கேட்காமல் இருந்துவிட்டால், நான் சுமந்த கட்டுகளுக்குள் இருந்த மனிதர்களுக்குத் துரோகம் செய்தவனாவேன்.

நான் கேட்பது ஒன்றுதான். ஒரு பாகப்பிரிவினை வழக்கோ, விவாகரத்து மனுவோ, ஜீவனாம்ச வழக்கோ, பிள்ளை யாரிடம் வளர்வது என்ற வழக்கோ நீதிமன்றத்தில் நம்பர் ஆவதற்கு முன், அதாவது வழக்கு எண் பெற்றுப் பதிவாவதற்கு முன், அந்தக் குடும்பத்தின் இரு தரப்பினரும் ஒரு நாள் முழுவதும் உங்களில் ஒருவர் முன் உட்கார வழி வேண்டும். அப்படி நடுவில் உட்காருபவர் இரு பக்கத்திலும் வக்காலத்து வாங்காதவராக இருக்க வேண்டும். இருவர் சொல்வதையும் கேட்டு, இருவர் தாள்களையும் பார்த்து, ‘இது நீதிமன்றத்துக்குப் போனால் பெரும்பாலும் இப்படித்தான் முடியும், இத்தனை காலம் ஆகும், இவ்வளவு செலவாகும்’ என்று இருவரும் கேட்க வாய்திறந்து சொல்ல வேண்டும்.

இப்படிக் கேட்பதற்குக் காரணம், அது உங்களுக்கு முதல் நாளே தெரிகிறது என்பதை நான் பக்கத்தில் இருந்து பார்த்ததுதான். கட்சிக்காரர் படியிறங்கிப் போன பிறகு, கட்டை நூலால் கட்டிக்கொண்டே ஜூனியரிடம் நீங்கள் சொல்லும் வார்த்தைகளை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். ‘நகை திரும்பும், பிள்ளை தாயோடு இருக்கும், ஒரு தொகை பேசி முடிப்பார்கள்’ என்பீர்கள். ஆறு ஆண்டுகளோ எட்டு ஆண்டுகளோ கழித்து அந்த வழக்கு முடியும்போது, தொகையில் சிறிது கூடக் குறைய, அப்படியே முடிந்திருக்கும். அந்தச் சொல் கட்சிக்காரரின் காதில் மட்டும் முதல் நாள் விழுந்திருக்காது. அன்று அவர் கேட்க விரும்பியது வேறு என்பதும், கசப்பான செய்தியைச் சொன்னால் அடுத்த தெருவில் வேறு வழக்கறிஞரைத் தேடிப் போய்விடுவார் என்பதும் எனக்குத் தெரியும். இருந்தாலும் அந்த மௌனத்துக்கு அவர் கொடுத்த விலையும் எனக்குத் தெரியும். செலவுக் கணக்கு நோட்டை எழுதியவன் நான்தான்.

ஒரு வழக்கைச் சொல்கிறேன். தேவகோட்டைக்குப் பக்கத்தில் ஓர் ஊர். ஊர்ப் பெயரும் அந்த வீட்டு விலாசமும் வேண்டாம், அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியும் இருக்கிறேன். நீளமான வளவு வீடு. முகப்பு, பட்டாலை, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று முன் தெருவில் தொடங்கிப் பின் தெருவில் முடியும். பதினோரு புள்ளிகளுக்கும், அதாவது பதினோரு குடும்பங்களுக்கும், தனித்தனி அறை, தனித்தனிப் பூட்டு. யாருக்கு எவ்வளவு பங்கு என்று சொல்லும் முதல்நிலைத் தீர்ப்பாணை வந்து ஏழு ஆண்டுகளுக்குப் பின் வீட்டை அளக்க நீதிமன்றம் கமிஷனரை நியமித்தது. அவரோடு அளவு நாடா பிடிக்க நானும் போயிருந்தேன். சாவிகள் சென்னையிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் வந்து சேர்ந்திருந்தன. ஓர் அறைக்கு மட்டும் சாவி இல்லை. காரைக்குடியிலிருந்து பூட்டுத் திறப்பவரை அழைத்துவந்து திறந்தபோது, உள்ளே பித்தளை அண்டாக்களும் தூக்குகளும் கூரை வரை அடுக்கியிருந்தன.

காலை முதல் பட்டாலைத் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்த ஆச்சி ஒருவர் எழுந்து வந்தார். வழக்கில் அவர் ஏழாம் பிரதிவாதி. எண்பது வயதைக் கடந்தவர். ஒரு தூக்கை எடுத்து விளிம்பை முந்தானையால் துடைத்து, வெட்டியிருந்த எழுத்துகளை விரலால் தடவித் தடவிப் படித்தார். பிறகு கமிஷனரைப் பார்த்து, “இது எங்க மாமியா சாமான். இதையும் அளப்பீகளா?” என்று கேட்டார். கமிஷனர் பதில் சொல்லவில்லை. அறிக்கையில் ‘பித்தளைப் பாத்திரங்கள், பல’ என்று ஒரு வரி வந்தது.

பங்கை உண்மையில் பிரித்துக் கொடுக்கும் இறுதித் தீர்ப்பாணை வருமுன் அந்த ஆச்சி காலமாகிவிட்டார். அவருடைய வாரிசுகளைச் சேர்க்க ஒரு மனு, மற்றொருவர் இறந்ததற்கு ஒரு மனு, என்று பதினான்கு பேரில் தொடங்கிய வழக்கில் கடைசியில் முப்பத்தொரு பேர் இருந்தார்கள். வீடு விலை போயிற்று. வாங்கியவர் வீடாக வைத்துக்கொள்ளவில்லை. பர்மா தேக்கு நிலைகளும் தூண்களும் பழம்பொருள் கடைக்குப் போக, ஆத்தங்குடிக் கற்கள் பெயர்க்கப்பட்டு வண்டி ஏறின. யுனெஸ்கோ தன் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் உத்தேசப் பட்டியலில் 2014-இல் செட்டிநாட்டு ஊர்களைச் சேர்த்திருக்கிறது என்று பெருமையாகப் பேசிக்கொள்கிறோம். வீடுகளைக் கரைப்பதில் மழைக்கும் கரையானுக்கும் உள்ள பங்குக்குச் சற்றும் குறையாத பங்கு பாகப்பிரிவினை வழக்குகளுக்கும் இருப்பதை நீதிமன்ற வளாகத்தில் இருப்பவர்கள் அறிவார்கள்.

ஒரே முகப்பும் ஒரே வளவும் உள்ள வீட்டைப் பதினோரு பங்காகச் சுவர் எழுப்பிப் பிரிக்க முடியாது என்பதும், பிரிக்க முடியாத சொத்தை விற்றுப் பணத்தைப் பங்கிடவோ, பங்குதாரரில் ஒருவர் மற்றவர் பங்கை வாங்கிக்கொள்ளவோ 1893-ஆம் ஆண்டின் பாகப்பிரிவினைச் சட்டத்திலேயே வழி இருக்கிறது என்பதும், வழக்குத் தாக்கலான அன்றே இரு தரப்பு வழக்கறிஞர்களுக்கும் தெரியும். குடும்பத்துக்குள் நேர்மையாகப் பேசி முடிக்கும் ஏற்பாட்டை நீதிமன்றங்கள் மதித்துக் காப்பாற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1976-இலேயே காலே என்பவரின் வழக்கில் சொல்லியிருக்கிறது. முதல்நிலைத் தீர்ப்பாணையோடு வழக்குகள் ஆண்டுக்கணக்கில் தூங்குவதைப் பார்த்துத்தான், இறுதித் தீர்ப்பாணைக்கு யாரும் தனியாக மனுப் போடக் காத்திருக்காமல் விசாரணை நீதிமன்றமே வழக்கை மேலே கொண்டுசெல்ல வேண்டும் என்று 2022-இல் அதே நீதிமன்றம் உத்தரவிட்டது. இவையெல்லாம் உங்களுக்கு மனப்பாடம். அந்த ஆச்சிக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. ‘ஆச்சி, வீட்டைப் பிரிக்க முடியாது, யாராவது ஒருவர் எடுத்துக்கொண்டு மற்றவர்களுக்குப் பணம் கொடுக்கட்டும், உங்கள் சாமானைத் தனியாக ஒரு சிட்டை போட்டு வாங்கிக்கொள்ளுங்கள்’ என்று அனுபவமுள்ள ஒருவர் முதல் ஆண்டிலேயே சொல்லியிருந்தால், அவர் அந்தத் தூக்கைத் தன் வீட்டுக்கு எடுத்துப் போயிருப்பார்.

இதைப் படித்துவிட்டு, ‘அந்தக் காலத்தில் ஊர்ப் பெரியவர்கள் பேசி முடித்தார்களே, அதைத்தானே கேட்கிறீர்கள்’ என்று சிலர் நினைக்கக்கூடும். இல்லை. பெரியவர்கள் பேசி முடித்ததையும் நான் பார்த்திருக்கிறேன். நகர விடுதியிலோ கோயில் மண்டபத்திலோ ஆண்கள் உட்கார்ந்திருக்க, யாருடைய வாழ்க்கையைப் பற்றிய பேச்சோ அந்தப் பெண் கதவுக்குப் பின்னால் நின்றிருப்பாள். ‘சீர் செய்தாயிற்று, இனிப் பங்கு எதற்கு’ என்ற ஒரே வரியில் மகள்களின் உரிமை எத்தனை வீடுகளில் அழிந்தது! சட்டமும் நெடுங்காலம் அதற்குத் துணை நின்றது. பங்கு உண்டு என்று சொன்ன 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டமே, அதன் 23-ஆம் பிரிவில், குடும்பம் குடியிருக்கும் வீட்டை ஆண் வாரிசுகள் பிரித்துக்கொள்ள முன்வரும் வரை பெண் வாரிசு பிரிக்கக் கேட்க முடியாது என்று வைத்திருந்தது. வளவு வீடுகள் நிறைந்த இந்தச் சீமையில் அந்த ஒரு பிரிவு எத்தனை பெண்களைத் திண்ணையோடு நிறுத்தியது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. தமிழ்நாடு 1989-இல் முன்னதாகவே சட்டத் திருத்தம் செய்து, அவ்வாண்டு மார்ச் 25 வரை திருமணமாகாத மகள்களைப் பூர்வீகச் சொத்தில் பங்காளியாக்கியது. 2005-இல் மத்தியச் சட்டம் திருத்தப்பட்டபோதுதான் திருமணமானவர்களுக்கும் அந்த உரிமை வந்தது, 23-ஆம் பிரிவும் நீங்கியது. அந்தத் திருத்தம் நடைமுறைக்கு வந்த 2005 செப்டம்பர் 9 அன்று தகப்பனார் உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்பது 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் வினீதா சர்மா தீர்ப்பில்தான் தெளிவாயிற்று.

இந்த வரலாறு தெரியாத பெரியவர் நடுவில் உட்கார்ந்தால் மகளின் பங்கு மறுபடியும் போகும். ஆகவேதான் உங்களைக் கேட்கிறேன். எங்களுக்கு வேண்டியது சட்டம் தெரிந்த நடுவர். முன்பு நாட்டாண்மை செய்தவர்கள் இருபது ரூபாய் முத்திரைத் தாளில் ‘இன்றுமுதல் நீ யாரோ நான் யாரோ’ என்று எழுதிக் கையெழுத்து வாங்கி, அதை விவாகரத்து என்று நம்பவைத்து அனுப்பிய தம்பதிகள் பலர் பின்னாளில் எங்கள் அலுவலகத்துக்கு வந்திருக்கிறார்கள். நிரூபிக்கத்தக்க சாதி வழக்கம் இருந்தாலொழிய அந்தத் தாளால் திருமணம் முறியாது. அதை நம்பி மறுமணம் செய்துகொண்ட ஒரு பெண்ணிடம் இந்த உண்மையைச் சொல்ல நேர்ந்த நாளில், என் முதலாளி வெகுநேரம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

திருமண வழக்குகளுக்கு வருகிறேன். இதை எழுதுவது எனக்குக் கடினம்.

எங்கள் அலுவலகத்திலிருந்து ஒரு விவாகரத்து மனு போயிற்று. கணவன் தரப்பு நாங்கள். இருவருக்கும் ஒத்துப்போகவில்லை, அவ்வளவுதான் உண்மை. ஆனால் ஒத்துப்போகவில்லை என்று எழுதினால் மனு நிற்காது என்று, முன்னொரு வழக்கின் மனுவிலிருந்து ஒரு பத்தியை எடுத்துச் சேர்க்கச் சொன்னார்கள். அந்தப் பெண்ணுக்கு மனநிலை சரியில்லை என்றும், இரவில் தனக்குள் பேசிக்கொள்கிறாள் என்றும், பெற்றோர் அதை மறைத்துக் கட்டிக்கொடுத்தார்கள் என்றும் ஏழாவது பத்தியில் தட்டச்சு செய்தது என் விரல்கள். முதல் வாய்தா அன்று நீதிமன்றத் தாழ்வாரத்தில் தூண் ஓரமாக நின்று அவள் அந்த நகலைப் படித்ததை நான் பார்த்தேன். ஆறு பத்திகளைப் புரட்டினாள். ஏழாவதில் நின்றாள். மறுபடி மேலே போய் அதையே படித்தாள். பக்கத்தில் நின்ற தகப்பனாரிடம் காட்டாமல் தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, நேரே என்னிடம் வந்து, “அண்ணே, இதை அவுகளே சொன்னாகளா?” என்று கேட்டாள். அவர் சொல்லவில்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. அவர் கையெழுத்துப் போட்ட மனு அது. அன்று வரை அவர்கள் இருவரும் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தவர்கள். அன்றோடு அது நின்றது. சுமுகமாக ஒரே ஆண்டில் பிரிந்திருக்கக்கூடியவர்கள் ஒன்பது ஆண்டுகள் படியேறினார்கள்.

அதே வழக்கில் நகைக்கும் இதே கதைதான். நம் பகுதியில், குறிப்பாக நகரத்தார் வீடுகளில், கொடுத்ததையும் வாங்கியதையும் எழுதிவைக்கும் பழக்கம் எவ்வளவு உறுதியானது என்பது உங்களுக்குத் தெரியும். திருமணத்தன்றே இசைபிடிமானம் என்ற திருமண ஒப்பந்தத்தை எழுதி இரு வீட்டாரும் ஒப்புக்கொள்கிற சமூகம் இது. சாமானுக்குச் சிட்டை உண்டு, நகைக்குச் சிட்டை உண்டு. பெண்ணின் சீதனம் அவளுடைய தனிச்சொத்து, கணவன் வீட்டார் அதைக் காத்துவைத்திருப்பவர்கள் மட்டுமே என்று 1985-இல் பிரதிபா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு, சிட்டையை எடுத்துவைத்து வரிவரியாகச் சரிபார்த்தால் ஒரு பிற்பகலில் முடியும் வேலை அது. ஆனால் எதிருரையில் ‘மனுவில் கண்ட நகைகள் யாவும் கற்பனையே’ என்று வழக்கமான வாசகத்தை நான் தட்டச்சு செய்தேன். கட்சிக்காரர் கொண்டுவந்து கொடுத்த கட்டிலேயே சிட்டையின் நகல் இருந்தது.

1984-ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றச் சட்டத்தை நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள். அதன் 9-ஆம் பிரிவு, தீர்ப்புக்கு முன் சமரசத்துக்கு முயல்வது நீதிமன்றத்தின் கடமை என்கிறது. 13-ஆம் பிரிவு, வழக்கறிஞர் வைத்துக்கொள்வது கட்சிக்காரரின் உரிமை இல்லை என்கிறது. நடைமுறையில் உங்கள் துணை இல்லாமல் யாரும் அங்கே நிற்பதில்லை என்றாலும், அந்தப் பிரிவு ஏட்டில் இருக்கிறது. குடும்பச் சண்டைக்குள் வழக்கறிஞர் வந்தால் சண்டை பெரிதாகும் என்ற அச்சம் நாடாளுமன்றத்துக்கு இருந்திருக்கிறது என்றுதான் எனக்குப் புரிகிறது. ஒரு முழு வாழ்நாளை இந்தத் தொழிலின் நிழலில் கழித்தவனுக்கு அது வலிக்கிறது. வழக்கறிஞர் வந்ததால் சண்டை அடங்கியதை நான் கண்ணால் கண்டவன்.

என் முதல் முதலாளி அப்படிப்பட்டவர். கட்சிக்காரர் வந்து உட்கார்ந்ததும் அலுவலகக் கதவைச் சாத்தச் சொல்வார். கதை முழுவதையும் கேட்பார். பிறகு, “சரி, இப்ப எதிராளியா இருந்து அதே கதையைச் சொல்லுங்க” என்பார். முதலில் திகைப்பார்கள், சிலர் கோபப்பட்டு எழுந்தும் போனார்கள். ஆனால் சொல்லத் தொடங்கியவர்களில் பெரும்பாலோர் பாதியில் நிறுத்தி, தண்ணீர் கேட்பார்கள். அதன் பிறகுதான் அவர் பேனாவைத் திறப்பார். அவரிடம் வந்த வழக்குகளில் எத்தனை நீதிமன்றத்துக்கே போகாமல் முடிந்தன என்பதற்குக் கணக்கு இல்லை. நம்பர் ஆகாத வழக்குக்கு நோட்டில் இடம் கிடையாதல்லவா. அவருடைய வருமானம் குறைந்ததா என்று கேட்டால், இல்லை. பேசி முடித்த குடும்பங்களே பத்திரம் எழுதவும், உயில் எழுதவும், அடுத்த தலைமுறைக்கு ஆலோசனை கேட்கவும் அவரிடம்தான் வந்தன.

இங்கிலாந்தில் இதை ஒரு முறையாகவே வைத்திருக்கிறார்கள் என்பது என் அக்கா மகள் வழியாகத் தெரிந்தது. காரைக்குடியில் திருமணம் நடந்து, லண்டனில் குடியேறி, அங்கேயே பிரிந்தவள் அவள். விவாகரத்தோடு வரும் வீடு, ஓய்வூதியம், சேமிப்பு ஆகிய பணப் பிரச்சினைகளுக்கு அங்கே நீதிமன்றத்திலேயே ஒரு கட்டம் உண்டு. ஒரு நீதிபதி இரு தரப்பையும் கேட்டு, வழக்கு நடந்தால் என்ன ஆகும் என்று தம் கருத்தைச் சொல்லி, பேசி முடிக்கச் சொல்வார். 2000-ஆம் ஆண்டு முதல் நாடு முழுவதும் அது நடைமுறையில் இருக்கிறது. கருத்துச் சொன்ன நீதிபதி பிறகு அந்த வழக்கை விசாரிக்கமாட்டார். அங்கே பேசியதை வெளியே சாட்சியமாக்கவும் முடியாது. நீதிமன்றங்களில் நெருக்கடி மிகுந்ததால், இதே வேலைக்குக் குடும்பச் சட்டத்தில் நெடுநாள் அனுபவமுள்ள ஒரு பாரிஸ்டரை, அதாவது நீதிமன்றத்தில் வாதாடும் வழக்கறிஞரை, இரு தரப்பும் சேர்ந்து தேர்ந்தெடுத்து, கட்டணத்தைப் பகிர்ந்து கொடுத்து, ஒரு நாளைக் குறித்துக்கொள்வதும் அங்கே பரவலாகிவிட்டது. நேற்று வரை ஒரு பக்கத்துக்காக வாதாடிய அதே பாரிஸ்டர், அன்று யாருக்கும் வாதாடாமல் நடுவில் உட்காருகிறார்.

என் அக்கா மகளின் வழக்கில் காலை பத்து மணிக்கு உட்கார்ந்தார்கள். ஓர் அறையில் அவள், ஓர் அறையில் அவன். மதியத்துக்கு முன், நடுவில் உட்கார்ந்த பாரிஸ்டர் அம்மையார் தம் கருத்தைச் சொல்லிவிட்டார். “மாமா, நான் கேட்டதுல பாதிதான் கிடைக்கும்னு சொன்னாங்க. ஆனா ஏன்னு சொன்னாங்க. எனக்கு அது போதும்னு ஆயிடுச்சு” என்று அன்று இரவு தொலைபேசியில் சொன்னாள். மாலையில் எழுதிக் கையெழுத்திட்டு, நீதிமன்ற ஒப்புதலுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த நாட்டில் 2014 முதல், வழக்குப் போடும் முன் சமரசம் பற்றிய தகவல் கூட்டத்துக்குப் போய்வருவதையும் பெரும்பாலானவர்களுக்குக் கட்டாயமாக்கியிருக்கிறார்கள். 2024 ஏப்ரலில் விதிகளை இன்னும் இறுக்கி, நீதிமன்றத்துக்கு வெளியே தீர்க்க முயலாதவர் அதற்குக் காரணம் சொல்ல வேண்டியவராகிவிட்டார்.

அது அவர்கள் நாட்டு முறை, நம் ஊருக்கு ஒத்துவராது என்று தள்ளிவிட வேண்டாம். நீதிமன்றம் சார்ந்த சமரச மையம் இந்தியாவிலேயே முதலில் தொடங்கியது நம் சென்னை உயர் நீதிமன்றத்தில்தான், 2005-இல். வழக்குகளை நீதிமன்றத்துக்கு வெளியே தீர்க்க அனுப்பச் சொல்லும் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 89-ஆம் பிரிவுக்கு உயிர் கொடுத்த உச்ச நீதிமன்ற வழக்கே சேலம் வழக்கறிஞர் சங்கத்தின் பெயரில் இருக்கிறது. திருமண வழக்குகளை இயன்றவரை தொடக்கத்திலேயே சமரசத்துக்கு அனுப்ப வேண்டும் என்று 2013-இல் உச்ச நீதிமன்றம் அறிவுறுத்தியது. 2023-இல் சமரசத்துக்கென்றே தனிச் சட்டம் வந்து, வழக்குக்கு முந்திய சமரசத்தைப் பற்றியும் பேசுகிறது. இருந்தும் சமரச மையத்துக்கு வருகிற குடும்பம், ஏழாவது பத்தியைப் படித்த பிறகுதான் அங்கே வருகிறது. அங்கே உட்காரும் சமரசர் தீர்ப்புப்போலக் கருத்துச் சொல்வதில்லை. இருவரையும் பேசவைப்பதே அவர் பணி. அது நல்ல பணி. நான் கேட்பது அதற்கு முந்தைய நாளையும், வெளிப்படையான கருத்தையும்.

அடிபட்டு வருகிற பெண்ணை இப்படி உட்காரவைக்கக் கூடாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உயிருக்கு அஞ்சி வருபவளுக்கு வேண்டியது 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படியான பாதுகாப்பு உத்தரவு. அதை அன்றே வாங்கித் தாருங்கள். அதேபோல், ஒருவருக்குச் சம்பளம் எவ்வளவு, சொத்து எங்கே என்று மற்றவருக்குத் தெரியாமல் உட்காருவதும் ஏமாற்றாகவே முடியும். 2020-இல் ரஜ்னேஷ் எதிர் நேஹா தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் சொத்து, கடன், வருமான விவரப் பிரமாணப் பத்திரத்துக்கு ஒரு மாதிரியே வகுத்துக் கொடுத்திருக்கிறது. அதை இருவரும் நிரப்பிக் கொண்டுவந்தால்தான் நாள் குறிக்க வேண்டும். நீதிமன்றத்தில் அந்தப் படிவம் பாதிக்கு மேல் ‘இல்லை, இல்லை’ என்று நிரம்பி வருவதை நான் பார்த்திருக்கிறேன். உங்கள் முன்னால் அப்படி வந்தால் திருப்பி அனுப்ப உங்களுக்குத் தயக்கம் இருக்காது. கட்டணம் கொடுக்க முடியாத பெண்ணுக்கு வருமான வரம்பு பாராமல் இலவசச் சட்ட உதவி பெறும் உரிமை சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆம் பிரிவில் இருக்கிறது. அவள் தனியே வராமல், தன் பக்கத்துக்கு ஒரு வழக்கறிஞரோடு வரட்டும்.

பேசி முடிந்ததைச் சட்டமாக்க வழி இருக்கிறது. திருமணத்தை முறிக்கும் அதிகாரம் நீதிமன்றத்துக்கே உரியது என்பதால், பிரிவது என்று முடிவானால் பரஸ்பர சம்மத மனுவாக இந்து திருமணச் சட்டத்தின் 13பி பிரிவில் போகலாம். எல்லாவற்றையும் பேசித் தீர்த்துவிட்ட தகுந்த வழக்குகளில் ஆறு மாதக் காத்திருப்பை நீதிமன்றம் தளர்த்தலாம் என்று 2017-இல் அமர்தீப் சிங் வழக்கிலேயே சொல்லியாயிற்று. பிள்ளையைப் பற்றிய ஏற்பாட்டை மட்டும் நீதிபதி தனியாகப் பார்ப்பார், பார்க்கவும் வேண்டும். தாய் தகப்பன் ஒத்துக்கொண்டதாலேயே அது பிள்ளைக்கு நல்லதாகிவிடாது. நம்பர் ஆகிவிட்ட பழைய வழக்காக இருந்தாலும் பேசி முடித்தால் நீதிமன்றக் கட்டணம் திரும்பக் கிடைக்கும். தமிழ்நாட்டுக் கட்டணச் சட்டத்தின் 69ஏ பிரிவு, தங்களுக்குள் வெளியே பேசி முடித்தவர்களுக்கும் பொருந்தும் என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. இதைக்கூடப் பல கட்சிக்காரர்கள் அறியாமலே இருக்கிறார்கள்.

உங்களுக்கு வருமானம் போகுமே என்ற கேள்வியை நான் தவிர்க்கப் போவதில்லை. இந்தத் தொழிலில் வந்த காசில்தான் என் பிள்ளைகள் படித்தார்கள். நீண்ட வழக்கு நீண்ட வருமானம் என்பது வெளியில் இருந்து பார்ப்பவர் எண்ணம். முதல் ஆண்டில் கேட்டதைக் கொடுப்பார்கள், மூன்றாம் ஆண்டில் பாக்கி வைப்பார்கள், ஐந்தாம் ஆண்டில் வாய்தாவுக்கே வரமாட்டார்கள். நோட்டின் பாக்கிப் பக்கங்கள் எப்போதும் வரவுப் பக்கங்களைவிடத் தடித்தே இருந்தன. நடுவில் உட்காரும் ஒரு நாளுக்கு நியாயமான கட்டணத்தை இரு தரப்பும் பாதிப் பாதியாக முன்பணமாகச் செலுத்தட்டும். உட்கார்ந்தவர் பிறகு அந்த வழக்கில் எந்தப் பக்கமும் வக்காலத்து வாங்கக் கூடாது என்று மட்டும் உங்களுக்குள் உறுதி செய்துகொள்ளுங்கள். அந்த ஓர் உறுதி இல்லாவிட்டால் யாரும் உங்கள் முன் மனம் திறக்கமாட்டார்கள்.

காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் வழக்கறிஞர்களில் குடும்ப வழக்கு நடத்திப் பழுத்தவர்கள் பத்துப் பேராவது ஒன்றுகூடி ஒரு பட்டியல் போடுங்கள். அதில் பாதிப் பேர் பெண் வழக்கறிஞர்களாக இருக்கட்டும். தாழ்வாரத்தில் என்னிடம் வந்து கேட்ட அந்தப் பெண் ஓர் ஆணிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கமாட்டாள். எல்லாச் சாதியாரும் மதத்தாரும் நுழையத் தயங்காத பொது இடமாக ஓர் அறை வேண்டும். எந்தச் சங்கத்துக் கட்டடமும் கோயில் இடமும் வேண்டாம். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இருப்பவர்கள் காணொலியில் வரட்டும். உங்கள் கருத்தைத் தமிழில் சொல்லுங்கள். சட்டச் சொல்லை விட்டு, பிறந்த வீட்டில் அண்ணனோ அக்காவோ விளக்குவதுபோல் சொல்லுங்கள். ஏனென்று சேர்த்துச் சொல்லுங்கள்.

சனிக்கிழமைதோறும் காலையில் அறையைத் திறந்து வைப்பதையும், நாள் குறிக்கும் நோட்டை எழுதுவதையும், இரு தரப்பும் கொண்டுவரும் தாள்களைத் தேதிவாரியாக அடுக்கி உங்கள் மேசையில் வைப்பதையும் நான் ஊதியமில்லாமல் செய்கிறேன். தட்டச்சு இன்னும் கைவிடவில்லை. சீர்ச் சிட்டைகளின் பழைய கையெழுத்தை என்னால் தடையின்றி வாசிக்க முடியும். உங்களில் யாராவது இருவர் சம்மதம் சொன்னால், அடுத்த மாதத்தின் முதல் சனிக்கிழமையே முதல் குடும்பத்தை வரச் சொல்லலாம். ஏற்கெனவே இரண்டு குடும்பங்கள் மனுவைத் தாக்கல் செய்யாமல், என் வீட்டுத் திண்ணைக்கு வந்து கேட்டுவிட்டுப் போயிருக்கின்றன.

என்றும் உங்கள் அன்பிற்கும் மரியாதைக்கும் கட்டுப்பட்ட,
ஓய்வுபெற்ற வழக்கறிஞர் குமாஸ்தா ஒருவன்,
காரைக்குடி.